மதியத்துக்கு மேல் மெதுவாகும் ஸ்டேஷன்

1. கையெழுத்து

“மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். அந்தப் பொண்ணு சாப்ட்டு வந்து தூங்குது. மெஷின் நல்லா கீதுன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க, போதும்” என்றார் லைன் சூப்பர்வைசர் தணிகாசலம்.

ஓரகடத்தில் சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலை அது. இரண்டாயிரமாம் ஆண்டைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. போர்டுகளைச் சோதிக்கும் டெஸ்ட் ஸ்டேஷன்களை எங்கள் கம்பெனி கொடுத்திருந்தது. அவற்றில் ஓடும் கெர்னலை, அதாவது டிஸ்க், திரை எல்லாவற்றையும் அடியிலிருந்து இயக்கும் மென்பொருளை, பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்தப் பொண்ணின் பெயர் இசக்கியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த டிரெய்னி. காலையில் டார்கெட்டைத் தாண்டிவிடுவாள், மதியத்துக்கு மேல் பாதிகூட வராது. நான் கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமையோடு அவளுக்கு வேலை இல்லை.

2. சத்தமில்லாத சமாளிப்பு

காலையில் ஸ்டேஷன் பறந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவள் இடத்தில் நானே உட்கார்ந்தேன். ஒவ்வொரு போர்டுக்கும் கொட்டாவி விடும் அளவுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. திரையில் எந்த எரரும் இல்லை. ஒவ்வொரு போர்டின் முடிவும் ஹார்ட் டிஸ்க்கில்தான் பதிவாகும். அதன் வேகத்தை அளந்தேன், ஊர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்து வரிசையில் ஒரு வெல்டிங் மெஷின். அதை மதியத்துக்கு மேல்தான் ஓட்டுவார்கள். அதன் மின் இரைச்சல் டிஸ்க் கேபிளில் புகுந்து டேட்டாவைக் கெடுத்தது. கெர்னல் அதைக் கண்டுபிடித்து, கெட்ட டேட்டாவை மறுபடி அனுப்பியது. தவறு தொடர்ந்தபோது டிஸ்க்கை ரீசெட் செய்து, குறைந்த வேகத்துக்கு இறக்கிவிட்டது. அதுவரை நல்ல வேலைதான். ஆனால் வேகத்தைத் திரும்ப ஏற்றவும் இல்லை, இறக்கியதைத் திரைக்குச் சொல்லவும் இல்லை. மறுநாள் காலை ஸ்விட்ச் போட்டதும் பழைய வேகம் வந்துவிடும்.

வெல்டிங்கை நிறுத்தி ரீபூட் செய்தேன், வேகம் குறையவில்லை. வெல்டிங்கை ஓட்டச் சொன்னேன், குறைந்தது. தணிகாசலத்தை உட்கார வைத்தேன்.

“இன்னா சார் இது, நவுரவே மாட்டேங்குது!”

“தூங்காதீங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கேபிளை மாற்றினோம். வேகம் இறங்கினால் திரையில் சிவப்புப் பட்டை வரும்படி கெர்னலில் டிஸ்க்கை இயக்கும் டிரைவர் புரோகிராமைத் திருத்தினேன். இசக்கியம்மாளின் வேலை தப்பியது. கிளம்பும்போது தணிகாசலத்திடம் கேட்டேன்.

“கோளாறு மெஷின்லதான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?”

“அதான் வேலைல கீதே சார். எல்லாம் சரியாப் பூட்ச்சு. அத வேற எதுக்கு சொல்லிகினு?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நானே போய்ச் சொன்னேன். அவள் போர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நான் ஒறங்கலன்னு எனக்குத் தெரியும் சார். அத அவுக வந்து சொல்லட்டும்.”

அவர் போய்ச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

டிரைவர் எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எரரைச் சமாளித்தால் மட்டும் போதாது, சமாளித்ததை வெளியே சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பழி எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையில் விழும்.