சர்வர் விளித்தால்

எங்கள் பாதுகாப்புச் சோதனைக் கருவிக்குத் தமிழில் கையேடு எழுதியது நான்தான்.

சோதிக்கும் தளத்துக்குள் கருவியின் ரகசிய முகவரி ஒன்றைப் போட்டு வைப்போம். அந்தத் தளத்தின் சர்வர் தானாகவே அந்த முகவரியைத் தொடர்புகொண்டால், அங்கே ஓட்டை இருக்கிறது. "சர்வர் விளித்தால் கருவி காட்டும்" என்று எழுதியிருந்தேன்.

மதுரையில் புதிதாகச் சேர்ந்த கவிதா இன்று அலுவலகக் குழுவில் கேட்டாள்: "அண்ணே, மூணு தடவ ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். சர்வர் எப்ப முழிக்கும்?"

நெய்யாற்றின்கரை பஸ்ஸில் இருந்தபடியே, எல்லோரும் பார்க்கப் பதில் போட்டேன்: "சர்வர் என்ன, உறங்கவா செய்யுது? எழுதினத மொதல்ல வாசியுங்க."

குழுவில் பதினொரு பேர் சிரிப்புக் குறி போட்டார்கள்.

அப்போது பக்கத்து இருக்கை அக்கா போனில் சொன்னார்: "பாறசாலையில எறங்கினதும் விளிக்கேன், மக்கா."

எனக்கு முகம் செத்துவிட்டது. விளிப்பது என்றால் அழைப்பது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. கவிதா அதை எழுத்துப்பிழை என்று நினைத்து, 'விழித்தால்' என்று திருத்தி வாசித்திருக்கிறாள். என்னைவிடக் கவனமாக வாசித்திருக்கிறாள்.

கையேட்டைத் திருத்தினேன். அதே குழுவில் மன்னிப்பும் கேட்டேன். அவளைப் போனில் இரண்டு தடவை விளித்தேன், எடுக்கவில்லை.

இப்போது எங்கள் கருவியைப் போல நானும் காத்திருக்கிறேன். திரும்ப விளிப்பாளா, சொல்லுங்கள்.