சோத்தாங்கைப் பக்கத்து ஸ்டியரிங் பாக்ஸ்

நம் பிக்கப் வண்டியை ஏன் இன்னும் கழித்துக்கட்டவில்லை என்று, பிள்ளைகளே, நீங்கள் இருவரும் மாறி மாறிக் கேட்டீர்கள். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது பதில் எழுதுகிறேன், படியுங்கள்.

சோதனை நிலையத்தில் வண்டி தேறவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது, அடியில் எண்ணெய் வேறு ஒழுகுகிறது என்றார்கள். இரண்டு வாரத்துக்குள் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும். இல்லையென்றால் ரோட்டில் எடுக்க முடியாது. வண்டி இல்லையென்றால், வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் என் சொந்த வேலையும் இல்லை. மறுபடி ஒரு முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டும். நின்ற வருடங்கள் எனக்குப் போதும்.

புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் பட்டறைக்காரர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரும்போதே தலையை ஆட்டினார்.

“ஸ்டியரிங் பாக்ஸ் போச்சுண்ணே. சீல் மாத்தினாலும் ஒழுகல் நிக்காது, உள்ள தண்டே தேஞ்சிருச்சு. ஸ்கிராப் பண்ணிடுங்க லா.”

“வேற பாக்ஸ் போட்டா ஓடுமா?”

“ஓடும். ஆனா இந்த மாடலுக்கு எங்க போய்த் தேடுவீங்க?”

“தேடுறது என் வேலை. மாட்டுறது உங்க வேலை. கழட்டி வைங்க.”

லிட்டில் இந்தியாவில், சையத் ஆல்வி ரோட்டுப் பக்கம் உள்ள உதிரிபாகக் கடை ஒன்றுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். மாடலைச் சொல்லிவிட்டு, “சோத்தாங்கைப் பக்கம் வர்ற பாக்ஸ்மா” என்றேன். ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காரும் வண்டிக்கு ஒரு மாதிரி, இடப்பக்கம் உட்காரும் வண்டிக்கு வேறு மாதிரி. அந்தக் கடை வெளிநாடுகளுக்கும் பொருள் அனுப்புவது, அங்கே இரண்டும் இருக்கும். அதனால்தான் அவ்வளவு தெளிவாகச் சொன்னேன். “இருக்கு அங்கிள், வாங்க” என்று கடைப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது.

பழைய பாக்ஸையும் கையோடு கொண்டுபோகிறேன் என்றதும் பட்டறைக்காரர் சிரித்தார். “போட்டோ போதும்ணே. இதை யாரு எம்ஆர்டி ரயில்ல கொண்டுபோவா?”

“நான் கொண்டுபோவேன்.”

வீட்டுக்கு எடுத்துவந்து, நான்கு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, உங்கள் அம்மா மார்க்கெட்டுக்கு இழுத்துப்போகும் சக்கரப்பையில் வைத்தேன். மகளே, நீ வாசலை மறித்துக்கொண்டு நின்றாய்.

“பிளீஸ்ப்பா, என் ஃபிரண்ட்ஸ் யாராச்சும் பாத்தா?”

“பாத்தா ஸ்டியரிங் பாக்ஸ்னு சொல்லு.”

புக்கிட் பாஞ்சாங்கில் நம் வீட்டிலிருந்து லிட்டில் இந்தியா வரை அதை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனேன். பார்த்தவர்களை நானும் பார்த்தேன்.

கடையில் அந்தப் பெண் ஒரு பாக்ஸை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். நம்முடையதைப் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் எதிர்ப்பக்கமாக இருந்தது.

“இது பீச்சாங்கைப் பக்கம்மா. நான் சோத்தாங்கைன்னுல்ல சொன்னேன்!”

“எனக்கு அந்த வார்த்தை தெரியல அங்கிள். அம்மாவைக் கேட்டேன். சாப்பிடுற கைன்னாங்க.”

“சரியாத்தானே சொல்லியிருக்காங்க?”

“நான் லெஃப்ட் ஹேண்டர், அங்கிள்.”

கடையே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

பிறகு வலப்பக்கத்துக்கானவை இரண்டு வந்தன. ஒன்று வேறு கம்பெனி செய்த புதுசு, பளபளவென்று இருந்தது. இன்னொன்று பழைய பாக்ஸைப் பிரித்து, உள்ளே புதுப் பாகங்கள் போட்டு, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தது.

கடை முதலாளி புதுசைத் தட்டிக்காட்டினார். “கண்ணை மூடிட்டு எடுங்க சார்.”

கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவா அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனேன்? சாக்பீஸ் கேட்டு வாங்கி, மூன்றின் தண்டிலும் கோடு போட்டேன். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கையால் திருப்பி எண்ணினேன். நம்முடையது நான்கு சுற்று. கறுப்பு நான்கு. புதுசு மூன்று சுற்றைத் தாண்டியதும் நின்றுவிட்டது.

“இது வேற மாடலுக்குச் செஞ்சதுங்க.”

“போட்டா அட்ஜஸ்ட் ஆயிடும் சார்.”

“ஸ்டியரிங்ல என்னங்க அட்ஜஸ்ட்டு? கறுப்பைக் குடுங்க. கேரண்டியை எழுதிக் குடுங்க.”

அவர் முகம் மாறியது. மாறட்டும். நான் எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் நான்கு வரை எண்ணத் தெரியும்.

பட்டறைக்காரர் அதை மாட்டிக்கொடுத்தார். சோதனை நிலையத்தில் ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பினார், விளக்கடித்து அடியில் பார்த்தார், நம்பாமல் இன்னொரு முறை திருப்பினார். தேறிவிட்டது என்று தாளை நீட்டினார். அங்கிருந்து நேரே ஒரு குடும்பத்தின் ஃபிரிட்ஜையும் அலமாரியையும் ஏற்றப் போனேன்.

ஸ்கிராப் என்ற சொல்லை இந்த வீட்டில் இனி யார் சொல்வதானாலும், முதலில் கீழே வந்து, அந்த ஸ்டியரிங்கை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.