குடும்பத் தலைவர் மட்டும் திருத்தலாம்

கோபக்காரி என்று எனக்கு ஆபீஸில் பெயர் இருந்தது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி எங்கள் வாடிக்கையாளர்களின் கைங்கர்யம். மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு மாடி அறையில் மூன்று கம்ப்யூட்டரையும் ஒரு மோடத்தையும் வைத்துக்கொண்டு, வெப்சைட் செய்து தரப்படும் என்று போர்டு மாட்டியிருந்தோம். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது வாக்கில் வெப்சைட் என்றால் என்னவென்று தெரிந்து படியேறி வந்தவர்கள் குறைவு. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை சொன்னான் என்று வந்தவர்கள்தான் அதிகம்.

அப்படி வந்ததுதான் அந்தச் சங்கம். ரயில்வே வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் சேர்ந்து நடத்தியது. செயலாளர் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் முகம் கோணாத மனிதர். அவரிடம் ஒரு தடித்த பதிவேடு இருந்தது. குடும்பத்துக்கு ஒரு பக்கம். அதில் யார் யார், எங்கே இருக்கிறார்கள், போன் நம்பர் என்ன என்று எழுதியிருக்கும். ஒரு வீட்டில் சாவு என்றால் அவர் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுச் சொல்வார். துக்க வீட்டுக்காரர்கள் போனைத் தொட வேண்டியதில்லை. தகவல் சொல்வது சங்கத்தின் பொறுப்பு. பல பேர் அந்தச் சங்கத்தில் இருந்ததே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பதிவேட்டை வெப்சைட்டாக ஆக்கித் தர வேண்டும் என்றார்கள். குடும்பத்துக்கு ஒரு புரொஃபைல். விலாசமோ நம்பரோ மாறினால் அவர்களே மாற்றிக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை செயலாளர் எங்கள் ஆபீஸுக்கு வந்து புதுப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பழையதைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

யார் எதைச் செய்யலாம் என்று வகுப்பது என் வேலை. ஒரு கிராஃப் தாளில் கட்டம் போட்டேன். மேலே பார்க்கலாம், சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்று நான்கு. பக்கத்தில் அட்மின், கமிட்டி, உறுப்பினர் என்று மூன்று. எந்தக் கட்டத்தில் டிக், எந்தக் கட்டத்தில் டிக் இல்லை என்று தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று அந்தத் தாளோடு கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன்.

மூன்று கூட்டம் ஆனது. கமிட்டியில் இருந்த ஒன்பது பேருக்கும் நான்கு டிக்கும் வேண்டுமாம். கோயிலில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று நடக்கும் சண்டைதான். மவுஸை ஒரு தடவைகூடக் கையால் தொட்டிராத தலைவர், "செகரெட்டரிக்கு அழிக்கிற பவர் இருக்கு, எனக்கு இல்லைன்னா எப்படி? நான் அழிக்கப் போறதில்லம்மா. ஆனா பவர் இருக்கணும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோருக்கும் எல்லா டிக்கும் போட்டுவிட்டு வந்தேன். பத்தே நாளில் தலைவரின் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு அவர் வீட்டில் யாரோ விளையாடி, பதினேழு குடும்பங்கள் காணாமல் போயின. குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்தது நான்தான். பதிவேட்டைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி அடித்து முடித்தேன். அன்றே கமிட்டியின் டிக்குகளை ஒன்று விடாமல் பிடுங்கினேன்.

பிறகு செய்த ஏற்பாட்டில் எனக்கு ரொம்பப் பெருமை. ரேஷன் கார்டு மாதிரி குடும்பத்துக்கு ஒரு தலைவர். அந்தக் குடும்பத்தின் புரொஃபைலை அவர் மட்டும் திருத்தலாம், மற்றவர்கள் பார்க்கலாம். அட்மின் இரண்டே பேர், செயலாளரும் நானும். செயலாளருக்குக் கம்ப்யூட்டர் பக்கம் வரவே பயம். ஆக, அட்மின் நான் ஒருத்திதான். அந்தத் தாளில் எந்தக் கட்டத்திலும் சந்தேகத்துக்கே இடமில்லை. தலைமுறை தலைமுறையாக வீடுகளில் நடப்பதைத்தானே எழுதி வைத்திருக்கிறேன், யார் கேள்வி கேட்க முடியும் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு விண்ணப்பம் வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம், படுத்த படுக்கையாக இருக்கிறார், இனி மகனாகிய என்னைக் குடும்பத் தலைவராக மாற்றித் தரவும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமாகத்தான் இருந்தது. அப்பாவின் டிக்கை எடுத்து மகனுக்குப் போட்டேன். ஒரு நிமிட வேலை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, என் வயதுப் பெண் ஒருவர் படியேறி வந்தார். சாமராஜநகரில் நர்சரி ஸ்கூலில் டீச்சர் என்றும், லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருப்பதாகவும் சொன்னார்.

"மேடம், ரயில்வே சங்கத்து வெப்சைட் நீங்கதானே பாத்துக்கறீங்க? அதுல எங்க குடும்பத்துப் பக்கத்துல என் பேர் இருந்துது. இப்பக் காணோம்."

எடுத்துப் பார்த்தேன். அந்த விண்ணப்பக்காரரின் குடும்பம். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது எனக்குத் தெரியும்படி வைத்திருந்தேன். நான் மகனைத் தலைவராக ஆக்கிய அன்றே, மாலைக்குள், அவர் செய்த முதல் காரியம் தங்கையின் வரியை அழித்தது.

"உங்க அண்ணன்தாங்க எடுத்திருக்காரு. அவரையே போடச் சொல்லுங்க."

"அவர் போட மாட்டாரு மேடம். போடறவரா இருந்தா நான் எதுக்கு உங்ககிட்ட வரேன்?"

விஷயத்தை அவரே சொன்னார். வேறு சாதியில், வீட்டில் கேட்காமல் கல்யாணம். கணவர் கௌதள்ளி என்ற கிராமத்துக்காரர், சாமராஜநகரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அண்ணன் அன்றோடு தலைமுழுகிவிட்டார். அப்பா மட்டும் மனசு ஆறி, யாருக்கும் சொல்லாமல் இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் மகள் கையால் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அப்புறம்தான் பக்கவாதம் வந்து அண்ணனின் பொறுப்பில் போய்விட்டார். இந்தப் பெண் மூன்று தடவை வந்து நின்றும் கேட்டைத் திறக்கவில்லை.

"உசுரோட இருக்கறப்பப் பாக்க விட மாட்டேங்கறாங்க. சரி, போகட்டும். போனப்புறமாவது ஒரு தடவ மொகத்தப் பாத்துடணும் மேடம். சாவு வீட்டு வாசல்ல வந்து நின்னா யாரும் யாரையும் போன்னு சொல்ல மாட்டாங்க. எனக்குத் தகவல் மட்டும் வந்தாப் போதும், பஸ் ஏறிடுவேன். அந்தத் தெருவுல ரெண்டு பேர்கிட்ட சொல்லிப் பாத்தேன். அண்ணனுக்குப் பயந்துக்கறாங்க. சங்கத்துல கூப்பிட்டாங்கன்னா அத யாரும் கேக்க முடியாது பாருங்க. பேர்கூட வேணாம். நம்பர் மட்டும் லிஸ்ட்ல வர மாதிரி பண்ணுங்க."

நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போக வேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அந்தப் பெண் கேட்டது கேள்விப்படுவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

எனக்கு மனசு இளகாமல் இல்லை. ஆனால் அண்ணன்காரர் பார்த்தால் சண்டைக்கு வருவார். கமிட்டி கூடும். ஒருவருக்குச் செய்தால் எனக்கும் செய் என்று ஒன்பது பேரும் வரிசையில் நிற்பார்கள். மூன்று கூட்டமும் பதினேழு குடும்பமும் நினைவுக்கு வந்தன.

"குடும்பத் தலைவர் மட்டும்தாங்க திருத்த முடியும்" என்றேன்.

"நீங்க?"

"என்னாலயும் முடியாது. சிஸ்டம் விடாது."

பச்சைப் பொய். ஊருக்கெல்லாம் கோபப்படத் தெரிந்தவளுக்கு, 'செய்ய மாட்டேன்' என்று நேராக ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. இதற்குப் பிறகு எத்தனையோ கவுன்ட்டர்களில் இதே வாசகத்தைக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களை மனசுக்குள் திட்டியும் இருக்கிறேன்.

அந்தப் பெண் நம்பினார். என்னிடம் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு துண்டுத் தாளில் நம்பரை எழுதினார். "பக்கத்து வீட்டு போன் மேடம். சொன்னா வந்து கூப்பிடுவாங்க. எப்பவாவது சிஸ்டம் விட்டா, போட்டுடுங்க" என்று மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் செயலாளர் பட்டியல் எடுக்க வந்தபோது அவரிடம் சொன்னேன். யாராவது என்னை மீறி 'செய்' என்று சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்றும் உள்ளூர இருந்தது. அவர், "அய்யோ பேடம்மா, வேணாம். அது அவங்க மனெ விஷயம். அண்ணன் தங்கச்சி நடுவுல நாம போய் நின்னா நாளைக்கு ஊர் சண்டையெல்லாம் சங்கத்துக்கு வந்துடும். பாவம்தான் அந்தப் பொண்ணு" என்றார். பாவம்தான் என்று நானும் சொன்னேன். அதோடு இரண்டு பேருக்கும் மனசு லேசாகிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் ஈரோட்டில் ஒரு உறவுக் கல்யாணம். அம்மாவோடு போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். வந்ததும் குவிந்து கிடந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சங்கத்தின் தலைவர் போன் செய்தார். அவருடைய மாப்பிள்ளை டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாராம். சம்பந்தி குடும்பத்தின் பக்கத்தில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் டாக்டர் என்று சேர்க்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்குத் தலைவர் சம்பந்தி. அவர் காசிக்குப் போயிருக்கிறார்.

"நீயே போட்டுடும்மா. அவர் வந்து ஒண்ணும் சொல்ல மாட்டார்."

போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்க, அவர் பேசி முடிப்பதற்குள் போட்டு முடித்தேன். "ஆச்சு சார்" என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நான் செய்திருப்பது அந்தப் பெண் கேட்ட அதே காரியம்தான். வேறொரு குடும்பத்தின் பக்கம், அந்தக் குடும்பத் தலைவருக்குத் தெரியாமல், ஒரு வரி. ஒரு ஆள் அதிகாரமாகக் கேட்டால் என் சட்டம் படுத்துக்கொள்கிறது, ஒரு பெண் கெஞ்சிக் கேட்டால் எழுந்து நிற்கிறது. எனக்கே என்னைப் பார்க்கக் கூசியது.

டிராயரில் கிடந்த துண்டுத் தாளைத் தேடி எடுத்தேன். அந்தக் குடும்பத்தின் பக்கத்தைத் திறந்து, கீழே புது வரி சேர்த்து, அந்தப் பெண்ணின் பெயரையும் நம்பரையும் அடித்து சேவ் செய்தேன். பெயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நான்தான் வேண்டுமென்றே போட்டேன். யார் வந்து கேட்டாலும் வரட்டும் என்றிருந்தது.

மோடம் முனகிக்கொண்டே மெதுவாகப் பக்கத்தை மறுபடி மேலிருந்து கொண்டுவந்தது. முதல் வரி அப்பாவுடையது. பெயருக்குப் பக்கத்தில் காலமானார் என்றும் ஒரு தேதியும் இருந்தன. மகன் ஒழுங்காகத் திருத்தியிருந்தார். தேதியை விரல் விட்டு எண்ணினேன். பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. அந்தப் பெண் வந்துபோனதற்கு நாலாம் நாள்.

செயலாளருக்குப் போன் செய்தேன்.

"ஆமாம்மா, நீ ஊருக்குப் போயிருந்தியே அப்போதான். லிஸ்ட்ல இருந்த எல்லாருக்கும் நானே சொன்னேன். ஒருத்தரையும் விடல."

"அந்தப் பொண்ணுக்கு?"

"லிஸ்ட்ல இல்லையேம்மா."

கத்தினேன். உங்களுக்கு மனசாட்சி இல்லையா, தெரியாமலா இருந்தீங்க என்று அந்த வயதான மனிதரிடம் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ போட்டிருந்தா கூப்பிட்டிருப்பேம்மா" என்றார்.

வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம். சாமராஜநகருக்கு எஸ்.டி.டி. போட்டேன். பக்கத்து வீட்டம்மா கன்னடத்தில் யார் என்ன என்று விசாரித்துவிட்டு, ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிடப் போனார். ஓடி வந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

"மேடமா? நம்பர் போட்டுட்டீங்களா? சிஸ்டம் விட்டுச்சா?"

"சிஸ்டம் எப்பவும் விடுங்க. நான்தான் அன்னிக்குப் பொய் சொன்னேன்" என்றேன். அதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு அப்பா போன செய்தியையும் சொன்னேன்.

"எப்போ?"

"நீங்க வந்துட்டுப் போனீங்கல்ல, அதுக்கு நாலாம் நாள்."

அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் படபடவென்று பேசிக்கொண்டே போனேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னும் மூணு நாள் இருக்குங்க, நீங்க கிளம்பி வாங்க, நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரேன், கூடவே உங்க வீடுவரைக்கும் வந்து நிக்கறேன், யார் தடுக்கறாங்கன்னு பாத்துடலாம் என்றெல்லாம் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். யாரோடு வேண்டுமானாலும் சண்டை போட அப்போது நான் தயாராக இருந்தேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"வரலாம் மேடம்" என்றார். "ஆனா மொகம் இருக்காதே."