பூஜ்யம் காட்டிய மூன்று நாட்கள்

பெங்களூரிலிருந்து தருமபுரிக்கு ரயிலில் மூன்று மணி நேரம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் தாண்டிய தேசத்தில் மாட்டிக்கொண்டவள் அல்ல நான்.

மீக்கடத்திகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சில பொருட்களைக் கடுமையாகக் குளிர வைத்தால் ஒரு கட்டத்தில் அவற்றின் மின்தடை அடியோடு மறைந்துவிடும். ஏன் என்பதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. அந்த விளக்கத்துக்கு அடங்காத முரட்டுப் பொருட்களும் இருக்கின்றன; நான் அவற்றின் பின்னால் போனவள். நான்கு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் உலையில் வளர்த்த எள்ளளவு படிகங்கள் ஒவ்வொன்றாகக் கையை விரித்துவிட்டன.

குளிரூட்டும் கருவியை ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துப் பயன்படுத்தினோம். விட்டால் அடுத்த முறை வர மாதக்கணக்காகும். அந்த வியாழக்கிழமை என் முறை. புதிய படிகத்தை உள்ளே இறக்கிக் குளிர வைக்கத் தொடங்கிய பிறகு அண்ணனிடமிருந்து போன் வந்தது.

“அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு தருமபுரி ஆஸ்பத்திரில சேத்திருக்கறோம். இப்பப் பரவால்ல. நீ வர்றியா?”

போனை அப்பாவே பிடுங்கிக்கொண்டார். அதியமான்கோட்டையில் ரோட்டோரமாக, கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர் அவர். படுக்கையிலும் அதிகாரம் குறையவில்லை. “வேலைய வுட்டுட்டு ஓடியாராத. முடிச்சிட்டு வா, கண்ணு.”

எனக்கு அது வசதியாக இருந்தது. சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை, திரையில் மின்தடைக் கோடு சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. கொஞ்சம் சூடாக்கினேன், ஏறியது. திரும்பக் குளிர வைத்தேன், அதே இடத்தில் விழுந்தது. என் பேராசிரியர் வெளியூர் போயிருந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

“அப்பா, மின்தடை பூஜ்யத்துக்கு வந்துருச்சுங்க. நாலு வருசமாத் தேடுனது.”

“உள்ள கரண்டு போவுதான்னு பாத்தியா?” என்றார்.

“அப்பா, இது உங்க மோட்டார் இல்லீங்க.”

“அதுஞ் செரிதான். எனக்கு என்னா தெரியும்?” என்று சிரித்தார். என் பொண்ணு என்னமோ கண்டுபுடிச்சிட்டா என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் அவர் சொல்வதும் கேட்டது. அதற்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை போகவில்லை. திங்கள் வருகிறேன் என்றேன். “உன் இஷ்டம்” என்று அண்ணன் போனை வைத்தான். எனக்குக் கோபம்கூட வந்தது, இவனுக்கு என் வேலையின் அருமை தெரியவில்லையே என்று. அன்று முழுக்கக் காந்தப்புலத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். உண்மையான மீக்கடத்தி என்றால் காந்தப்புலம் ஏற ஏற அந்தப் பூஜ்யம் தளர வேண்டும். என்னுடையது அசையவே இல்லை. முதல் வருஷ மாணவன்கூடச் சந்தேகப்பட வேண்டிய இடம் அது. நானோ, என்ன உறுதி, என்ன உறுதி என்று பூரித்துப் போனேன். ஆசை வெட்கமறியாது என்பார்கள். என் ஆசைக்கு இயற்பியலும் தெரியவில்லை.

ஞாயிறு மதியம் அண்ணன் கூப்பிட்டான். “ரெண்டாவது தடவ வலி வந்துச்சு பாப்பா. அப்பா போயிட்டாரு.”

பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். முகத்தைப் பார்த்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரியம் முடிந்து திரும்பியதும், எனக்காக யாரும் தொடாமல் விட்டிருந்த கருவியைத் திறந்தேன். படிகத்தில் நான்கு மெல்லிய கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டியிருப்போம். இரண்டு மின்சாரத்தை அனுப்பும், இரண்டு மின்னழுத்தத்தை அளக்கும். மின்சாரம் அனுப்பும் கம்பி ஒன்றில் பசை வெடித்திருந்தது. குளிரில் சுருங்கி விலகும், சூட்டில் மறுபடி தொடும். மின்சாரமே ஓடாத பொருளில் மின்னழுத்தம் எங்கிருந்து வரும்? கருவி பூஜ்யம்தான் காட்டும். படிகத்தைச் சரியாக ஒட்டி மறுபடி அளந்தபோது, அது சாதாரண உலோகம்.

மின்சாரம் ஓடுகிறதா என்று மீட்டரை வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதே அதைத்தான். வெள்ளிக்கிழமை அதைப் பார்த்திருந்தால் பிற்பகலுக்குள் ரயிலேறியிருப்பேன். அப்பாவோடு இரண்டு நாள் இருந்திருப்பேன். அவர் பேசிக்கொண்டிருந்த இரண்டு நாள். கரண்டு போகிறதா என்று அவர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது உண்மை. பார்த்தால் கலைந்துவிடுமோ என்று பயந்துதான் பார்க்கவில்லை.

போன மாதம் மாரண்டஹள்ளியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: “எம் பொண்ணு பெரிசா ஒண்ணு கண்டுபுடிச்சாளுங்க. அத வுட்டுட்டு வர முடியாமப் போச்சு. இல்லாட்டி அப்பன் படுத்திருக்கையில ஓடியாராம இருந்திருப்பாளா?”

நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் மனசு நோகுமே என்று மறைக்கிறேன் என்றால் அது பொய். அதைச் சொல்லிவிட்டால், நான் ஏன் வரவில்லை என்று அம்மா கேட்பாள்.