அப்பா இஞ்சினை நிறுத்திய வளைவு

எங்கள் அப்பாவுக்கு உலகத்தில் இரண்டே விஷயங்கள்மேல்தான் நம்பிக்கை. ஒன்று ஜீப்பின் பிரேக், இன்னொன்று அதை மிதிக்கும் தன்னுடைய கால். இடுக்கி மலையில் ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றி இறக்கும் ஜீப் அது. தினமும் காலையில் வண்டி கிளம்பும்முன் அம்மா பானெட்டின்மேல் கைவைத்து ஜெபிப்பாள். ஏறி உட்கார்ந்த பெண்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்பா மட்டும் இஞ்சினை அணைக்கவே மாட்டார். ஜெபம் நீண்டால் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுவார். அம்மாவா விடுவாள்? குரலை உயர்த்துவாள். அந்தப் போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

"கண்ணக் கட்டி விட்டாலும் இந்த மலையில ஓட்டுவேன்" என்பார் அப்பா. எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பள்ளிக்கூடத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டியே சொல்வேன்.

ஒரு மழைக்காலத்து மத்தியானம், காய்ச்சலில் கிடந்த தம்பிக்கு வலிப்பு வந்துவிட்டது. போனில் ரேஞ்ச் இல்லை. அப்பா அவனை அள்ளி அம்மாவின் மடியில் போட்டு, கீழே ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். அன்றைக்கு அம்மா ஜெபிக்கவில்லை. "போங்க, போங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதி இறக்கத்தில் ஒரு வளைவில் ரோட்டின் ஒரு பக்கத்தைக் காணவில்லை. மண் சரிந்து பள்ளத்துக்குப் போயிருந்தது. அப்பா ஒரு கம்பை ஒடித்து ஜீப்பின் அகலத்தை அளந்தார், பிறகு மிச்சமிருந்த ரோட்டை அளந்தார். "ஒரு சாண் கூடவே இருக்கு. போயிரலாம்" என்று ஏறி கியரைப் போட்டார். ஆனால் கிளட்சிலிருந்து காலை எடுக்கவில்லை.

"ஏங்க, பிள்ளைக்குக் கண்ணு செருகுது. எடுங்க வண்டிய" என்றாள் அம்மா.

"பொறு புள்ள" என்று இஞ்சினை அணைத்தார். அந்த நிமிஷம் பயந்ததுபோல் நான் வேறெப்போதும் பயந்ததில்லை. அப்பா இறங்கி, அம்மா தினமும் கைவைக்கும் அதே இடத்தில் தன் இரண்டு கைகளையும் வைத்துத் தலைகுனிந்தார். "ஆண்டவரே, என்னால முடியல. நீரே பாத்துக்கிடும்" என்றார். அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

பிறகு தம்பியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நடந்தா எப்பங்க போய்ச் சேருவோம்?"

"தெரியல. வா."

மலையை ஒட்டி ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம். மழையில் நடக்க நடக்க எனக்கு அழுகை அடங்கவில்லை. வெகுதூரம் இறங்கிய பிறகு, வழியில் மரம் விழுந்து கிடந்ததால் கீழே திரும்பிக்கொண்டிருந்த பால் வண்டி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. தம்பி பிழைத்தான்.

மறுநாள் அப்பா போய்ப் பார்த்தபோது ஜீப் நின்ற இடத்தில் நின்றது. அந்த ரோடும் இம்மிகூடச் சரியாமல் அப்படியே இருந்தது. "பேசாம ஓட்டிட்டுப் போயிருக்கலாம்ல" என்று தோட்டத்து லய வீடுகளின் ஆட்கள் கேலி செய்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டார். எனக்குத்தான் மானம் போயிற்று.

அதற்குப்பின் காலையில் அம்மா பானெட்டில் கைவைத்ததும் அப்பா இஞ்சினை அணைத்துவிடுவார். கண்ணைக் கட்டுகிற பேச்சையும் விட்டுவிட்டார். அம்மாவிடம் அப்பா தோற்றுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அதற்காக அம்மாவோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.