கடைசி அறையின் எண்

அவனை எல்லோரும் இடுக்கி என்றே கூப்பிட்டார்கள். பிடித்த பிடியை விடமாட்டான், ஒயரானாலும் சரி, வீம்பானாலும் சரி. மீன் குளிர்கிடங்கில் எலக்ட்ரீஷியன். மனைவியின் தம்பிக்கு அங்கேயே பெட்டி அடுக்கும் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். "என் கண்ணு முன்னாடிதானே இருப்பான், நீ ஏன் பயப்படுற?" என்று அவளிடம் மார்தட்டியிருந்தான்.

கிடங்கைக் குளிரவைப்பது அம்மோனியா. கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் அறைக்கு ஒரு சென்சார் பெட்டி. எல்லாப் பெட்டிகளும் ஒரே ஒயரில் கைகோத்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் எண் சொல்லிக் கூப்பிடும். அந்த எண்ணுள்ள பெட்டி மட்டும் வாய் திறக்க வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு இருந்தால் இரண்டும் சேர்ந்து கத்தும், கம்ப்யூட்டருக்கு ஒரு மண்ணும் விளங்காது.

கடைசி அறைப் பெட்டி பழுதாகிப் புதியதை மாட்டினான். புதுப்பெட்டி எப்போதும் ஒன்றாம் எண்ணில்தான் வரும். எத்தனையோ தடவை செய்த வேலை, அன்றைக்கென்று பார்த்து எண்ணை மாற்ற மறந்து தொலைத்தான். திரையில் முதல் அறையும் கடைசி அறையும் சிவப்பு. சைரன் வேறு அலறியது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "சோதனை பண்றவங்க கேட்டுக்கே வந்துட்டாங்கப்பா. சிவப்பைக் காட்டி என் மானத்த வாங்காதே."

மறுபடி ஏணி போட்டுப் பெட்டியைத் திறக்க நேரமில்லை. கடைசி அறைக்குப் போகும் ஒயரைக் கீழேயே கழற்றினான். கம்ப்யூட்டரில் அந்த அறைக்கு நேராகவும் ஒன்றாம் எண்ணையே போட்டான். முதல் அறையின் நல்ல காற்று இரண்டு இடத்திலும் பச்சையாகத் தெரிந்தது.

"சாப்பிட்டுட்டு வந்து சரி பண்ணிடுறேன் சார்."

வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கடைசி அறையில் வால்வு பிய்த்துக்கொண்டது. உள்ளே மச்சினன். கண் எரிந்து கதவு தெரியாமல் தடுமாறியிருக்கிறான். சைரன் கேட்டிருந்தால் யாராவது ஓடிப்போய் இழுத்திருப்பார்கள். நெடி வெளியே வந்த பிறகுதான் ஓடினார்கள். அப்போதும் திரை பச்சையாகவே இருந்தது.

மச்சினன் சாவை மெஷின் கோளாறு என்று முடித்துவிட்டார்கள். ஒயரைக் கழற்றியதைப் பற்றி சூப்பர்வைசர் மூச்சு விடவில்லை. அவனும்தான் விடவில்லை, பாவி.

ஒருநாள் தம்பியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, நீங்க மாட்டின பெட்டிதானே? அது ஏங்க சத்தமே போடல?"

அவள் பழி சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டாள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"போட்டுச்சு. நான்தான் அதோட வாயை அடைச்சேன்."

அவள் சட்டையை மடித்து முடித்தாள். அதற்குப் பிறகு அவனிடம் அவள் எதுவுமே கேட்டதில்லை.