நூறு பேருக்கு ஒரு விரல்

போன வாரம் ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். தானமெல்லாம் இல்லை, இந்த வயதில் யார் வாங்குவார்கள்? மகளின் கட்டாயத்துக்காக வருஷத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளும் பரிசோதனைதான். எங்கள் தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு ஆய்வகம் வந்திருக்கிறது. சர்க்கரைக்கு விரலில் ஒரு குத்து, மற்றதற்கெல்லாம் முழங்கையில் ஒன்று. ஊசி போடும் பெண் "எந்த விரல் தாத்தா?" என்று கேட்டு முடிப்பதற்குள் இடது கை மோதிர விரலை நீட்டிவிட்டேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. அந்த வாசனை. பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வலிக்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் முடிவு போனுக்கே வந்துவிட்டது. மகள் சர்க்கரை அளவைப் பார்த்து முகம் சுளித்தாள். நான் 'ஈசினோபில்' என்ற வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது இயல்பாக இருக்கிறதாம். உங்களிடம் சொல்வதற்கென்ன, என் பெயரின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டங்கள், சென்னையில் கிடைத்த நாற்காலி, டில்லிக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் ஆரம்பம்.

எழுபதுகளின் நடுவில் மதுரையில் மலேரியா ஆய்வகம் ஒன்றுக்குப் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். ஆய்வகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வாடகை வீடு. முன்னறையில் நான்கு மைக்ராஸ்கோப்புகள், அடுப்படியில் சாயத் தொட்டி. கிராமங்களில் காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி, ஒரு சொட்டை வட்டப் பொட்டாகவும் இன்னொரு சொட்டை நாக்கு மாதிரி மெல்லிசாகவும் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்புவார்கள். நாங்கள் அதை நீலச் சாயத்தில் முக்கிக் காயவைத்து, உள்ளே மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்போம். பார்த்து முடித்த கண்ணாடிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி மறுபடி கிராமத்துக்கே அனுப்பிவிடுவோம். அன்றைக்குக் கண்ணாடியும் பஞ்சமான பொருள்.

சேர்ந்த வாரத்திலேயே என் விரல்களில் நீலம் ஏறிவிட்டது. நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் கை எப்போதும் மணிக்கட்டு வரை ஏதாவது ஒரு நிறத்தில்தான் இருக்கும். சாப்பிட உட்கார்ந்த என் விரல்களைப் பார்த்து வீட்டு மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். தமிழில் சொன்னால், "இதுக்கா உன்னை எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வச்சேன்? நம்ம தொட்டியிலேயே கையை விட்டிருக்கலாமே." அம்மாதான், "அவன் சாயம் உசுரைக் காப்பாத்துற சாயம்" என்றாள். அதை நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சோழவந்தானிலிருந்து வரும் கண்ணாடிப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லிவிடலாம். வெற்றிலை வாசனை அடிக்கும். காலைப் பஸ்ஸில் வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவே செருகி அனுப்புவார்கள். அனுப்புகிறவர் பெயர் முத்திருளாண்டி. அந்தப் பகுதியின் மலேரியா ஊழியர். ஒரு சைக்கிள், ஒரு காக்கிப் பை, தீராத இருமல். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் காய்ச்சல் உண்டா என்று விசாரித்து, உண்டென்றால் விரலில் குத்தி, கசப்பு மாத்திரை நாலு கொடுத்து, வாசல் சுவரில் ஸ்டென்சில் வைத்துப் பதித்த கட்டங்களில் பென்சிலால் தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டு வருவது அவர் வேலை. அவர் கையெழுத்து தூண்டில் முள் மாதிரி இருக்கும். ஒரு வளைவு, ஒரு கொக்கி, முடிந்தது.

ஒருநாள் அவரோடு வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போனேன். வரப்பிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார். கொடிக்காலுக்குள் செருப்புக் கால் படக் கூடாது. உள்ளே அகத்தி மரங்களில் கொடி ஏறி, நண்பகலிலும் இருட்டாக, பாத்திகளில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கட்டித்தர முடியாது. பேச்சியம்மாள் என்று ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், நாலைந்து பேரோடு இலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, இன்னைக்கு ரெண்டு பேரா வந்திருக்கீக? ஒத்த ஆளுக்கு ரத்தம் பத்தலையா?"

"ஒனக்கு ரெண்டு நாளாக் காய்ச்சன்னு ஒம் புருசன் சொன்னான். வெரலக் குடு தாயி."

"கொடிக்காலுக்குள்ள ரத்தம் சிந்தலாமாக்கும்? கொடி கருகிப் போயிரும். ரத்தம் வேணும்னா கறிக்கடைப் பக்கம் போங்க, அம்புட்டும் ஓசியாக் கெடைக்கும்."

மற்ற பெண்கள் கொடிகளுக்குப் பின்னால் சிரித்தார்கள். முத்திருளாண்டியும் சிரித்துவிட்டு, "சரி, வரப்புக்கு வா. அங்க வச்சு எடுக்குறேன்" என்றார்.

"குத்துன வெரலோட எலையக் கிள்ளுறதாண்ணே? காம்புச் சாறு பட்டா எரியும். இந்தச் சாரு வந்து எனக்குப் பதிலாக் கிள்ளுவாரா? போயிட்டு வாங்க."

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, இருமலுக்கு நடுவே சொன்னார். "பாத்தீகள்ல சார். இம்புட்டுப் பேருல ஒருத்தர் கை நீட்ட மாட்டாக. நீங்க மாசம் நூறு கண்ணாடி வேணுங்கிறீக."

நான் விஞ்ஞானி. அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். வேறு வழி இருந்தது; விடியற்காலை வீட்டிலேயே, வேலைக்குக் கிளம்பும் முன் எடுத்திருக்கலாம், எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "எப்படியாவது அனுப்புங்கண்ணே. குறைஞ்சா மேலே என்னைத்தான் கேப்பாங்க."

எப்படியாவது அனுப்பினார். அடுத்த மாதத்திலிருந்து நூறு கண்ணாடி தவறாமல் வந்தது. ஒன்றில்கூடக் கிருமி இல்லை. சில மாதங்கள் பார்த்துவிட்டு, சோழவந்தான் பகுதியில் மலேரியா ஓய்ந்துவிட்டது, வீடுகளுக்கு டி.டி.டி. கொசு மருந்து அடிக்கும் ஆட்களை வேறு பக்கம் அனுப்பலாம் என்று அறிக்கை எழுதினேன். சென்னையில் ஒரு கூட்டத்தில் அதை வாசித்துப் பாராட்டினார்கள். அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்கப்புறம் ஒரு மாசி மாதப் பகல். மைக்ராஸ்கோப் பார்க்கும் ஊழியர் விடுப்பு. வெற்றிலை வாசனைப் பெட்டியை நானே பிரித்தேன். இங்கே கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தின் வெள்ளணுக்களில் ஒரு வகைதான் ஈசினோபில். சாயம் ஏறினால் உரித்த மாதுளையின் முத்துகள் போல உள்ளே சிவப்பு மணிகள் தெரியும். சாதாரண ஆளிடம் தேடினால் ஒன்றிரண்டு கிடைக்கும். ஒருவகை இழுப்பு இருமல் உள்ளவர்களிடம் எங்கே பார்த்தாலும் அதுவாகவே இருக்கும். முதல் கண்ணாடியில் எங்கே பார்த்தாலும் மாதுளை. இரண்டாவதிலும். கண்ணாடிகளோடு வந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். ஒருவர் கிழவர், ஒன்று ஆறு வயதுப் பிள்ளை, ஒன்று பேச்சியம்மாள். இருபதாவது கண்ணாடியோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கு அந்த இருமல் காதில் கேட்டது. நூறு பேருக்கும் அவர் தன் விரலையே குத்திக்கொண்டிருந்தார். கிருமியை மட்டும் தேடிப் பழகிய எங்கள் கண்ணுக்கு அது படவில்லை.

அன்றைக்கே அறிக்கையைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை. பாராட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் செய்தது வேறு. யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை அந்த இருமலுக்கும் கேட்கும். இருபத்தொரு நாளுக்கு எண்ணி ஒரு பழுப்புக் கவரில் போட்டு, மேலே எப்படிச் சாப்பிட வேண்டும் என்று எழுதி, அடுத்த முறை அவர் மதுரைக்கு வந்தபோது கொடுத்தேன். அந்தப் பெட்டியை மட்டும் கழுவப் போடாமல் என் இழுப்பறையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது தெரியும்.

கவரைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "எனக்கு என்ன சீக்குன்னு எப்படிச் சார் கண்டுபுடிச்சீக?"

"இருமலைக் கேட்டுத்தான்."

விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "சார், அந்தக் கண்ணாடிக..." என்று ஆரம்பித்தார்.

"மாத்திரையை விடாமச் சாப்பிட்டு முடிங்கண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

அவர் சொல்ல வந்ததை நான் சொல்ல விடவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இந்த ஒரு வரிதான், மற்றதெல்லாம் சுற்றி வளைப்பு.

மாத்திரை வேலை செய்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? பெட்டிகள் வந்துகொண்டிருந்தனவே. பங்குனியில் மாதுளைகள் குறைந்தன. சித்திரையில் தேடத்தான் வேண்டியிருந்தது. கிழவரும் ஆறு வயதுப் பிள்ளையும் பேச்சியம்மாளும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் குணமாகிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன். 'கிருமி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாய் திறக்க எனக்கு எட்டு மாதம் இருந்தது.

ஐப்பசி மழையோடு காய்ச்சல் வந்தது. மருந்தடிக்காத வீடுகளில், கொடிக்கால் ஓரங்களில், வீட்டுக்கு ஒருவராவது போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பில் ஆட்களோடு போனேன். பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம், காய்ச்சலில் இரண்டு நாள் முன்னால் கலைந்துவிட்டது என்று அவள் கணவன் சொன்னான். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது அவளுக்கு. இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இந்தாங்க சார். பத்து வெரலும் இருக்கு. எதுல வேணும்னாலும் குத்துங்க."

மோதிர விரலில் குத்தினேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் தலைக்கு மேலே சுவரில் அந்தக் கட்டங்களும், வரிசையாகத் தூண்டில் முட்களும் இருந்தன.

விசாரணை நடந்தது. மேலதிகாரி முன்னால் இழுப்பறைப் பெட்டியை வைத்து, காய்ச்சல் பரவியபின் சந்தேகம் வந்து இப்போதுதான் ஆராய்ந்தேன் என்று சொன்னேன். முத்திருளாண்டியைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அதன் பையில் பழுப்புக் கவரின் ஓரம் தெரிந்தது.

"அம்புட்டும் உன் ரத்தமாய்யா?"

"ஆமாங்கய்யா."

"உனக்குக் கை வலிக்கல?"

"பழகிப்போச்சுங்கய்யா."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "இது வேற யாருக்காவது தெரியுமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். "இல்லங்கய்யா. நான் ஒருத்தந்தான்."

வேலையிலிருந்து நீக்கினார்கள். வெள்ளணுவை வைத்துப் போலிக் கண்ணாடியைக் கண்டுபிடிக்கும் என் முறை ஊர் ஊராகப் போனது. பயிற்சி வகுப்புகளில் அதைப் பாடமாக வைத்தார்கள். அடுத்த வருஷமே என்னைச் சென்னைக்கு மாற்றினார்கள், அங்கிருந்து ஏணி தானாகவே ஏற்றிவிட்டது. ஒவ்வொரு மேடையிலும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். 'நூறு பேருக்கு ஒரு விரல்' என்பேன், அரங்கம் சிரிக்கும். நானும் நன்றாகவே சொல்வேன், இருமலோடு. அந்த ஒரு பெட்டி மட்டும் ஏன் கழுவப்படாமல் இருந்தது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அவர் கப்பலூரில் ஏதோ பட்டறையில் காவலாளியாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எண்பதுகளில் ஒருமுறை அரசு ஜீப்பில் விருதுநகர் போகும்போது அந்தச் சாலையோரம் ஒரு கேட்டில் அவரைப் பார்த்தேன். நின்று சல்யூட் அடித்தார். எனக்கா, ஜீப்புக்கா, தெரியவில்லை. டிரைவரிடம் நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது கேட்டில் வேறு ஆள் இருந்தார்.

சாயத் தொட்டி இருந்த வீட்டை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே இரண்டு சக்கர வாகனங்கள் நிறுத்துகிறார்கள். என் விரல்களின் நீலம் ஓய்வு பெறுவதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டது. சோழவந்தானுக்குப் போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பேச்சியம்மாளின் வீடு இருந்த இடத்தில் மாடி வீடு நிற்கிறது. அந்தச் சுவரில் ஐப்பசிக்குப் பிறகு கட்டங்கள் வெகு நாள் காலியாகக் கிடந்தன, அதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது சுவரே இல்லை. விரலைக் கேட்டு வீடு வீடாக யாரும் வருவதும் இல்லை.

நீக்கிய உத்தரவு வந்த மறுநாள், பையையும் ஊசி டப்பாவையும் ஸ்டென்சிலையும் ஒப்படைக்க முத்திருளாண்டி ஆய்வகத்துக்கு வந்தார். எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தார். "இதுல உங்க கையெழுத்து இருக்கு சார். வீட்ல கெடந்தா பிள்ளைக யார்ட்டயாச்சும் காட்டிப்புடும். உங்ககிட்டயே இருக்கட்டும்."

"இருமல் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"சுத்தமா நின்னுபோச்சு சார்" என்றார். "வாரேன்."

கவரை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். கிழிப்பதற்கு முன் ஒருமுறை வாசித்தேன். காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று. விடாமல் சாப்பிடவும். கீழே தேதி. அதற்கும் கீழே என் கையெழுத்து, தெளிவாக.